ஷவர்மா எந்த ஊருன்னு பாக்டீரியா கேக்காது

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கய்யா! எங்கயாவது ஒரு கடையில சாப்பிட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போனதா செய்தி வந்தா போதும், அரை மணி நேரத்துல வாட்ஸப்புல அந்தப் பழைய பாட்டு வந்துடும். "நம்ம சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராத சாப்பாடு", "அந்நிய உணவு மோகம்", "கம்பும் கேழ்வரகும் தின்ன தமிழன் இன்னிக்கு..." கடைசியில ஒரு கும்பிடு படம். வாட்ஸப் மாமாக்களை விடுங்க, அவங்க தொழிலே அதான். நல்லா யோசிச்சு எழுதுற நம்ம சக பதிவர்களும் அதே பஜனையில ஜால்ரா தட்டுறதைப் பார்த்துதான் இந்தப் பதிவு.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். 2022 மே மாசம் கேரளாவுல, காசர்கோடு மாவட்டம் செருவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்ட 16 வயசுப் பொண்ணு இறந்துபோச்சு. கூட சாப்பிட்ட பல பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. 2023 செப்டம்பர்ல நம்ம நாமக்கல்ல 14 வயசுப் பொண்ணு. அங்கயும் அதே கடையில சாப்பிட்ட பலருக்கு வாந்தி, பேதி. ரெண்டும் பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளைங்க. இதுல கிண்டல் பண்ண ஒண்ணுமே இல்ல. ஆனா அதுக்கப்புறம் நாம பேசின பேச்சு இருக்கே, அதைச் சும்மா விட முடியல.

செருவத்தூர் சம்பவத்துக்கு அப்புறம், அப்போ தமிழக சுகாதாரத் துறை அமைச்சரா இருந்த மா.சுப்பிரமணியன் என்ன சொன்னார்? ஷவர்மா மேலை நாட்டு உணவு, அங்க இருக்குற குளிருக்கு வெளிய வச்சாலும் கெடாது, நம்ம ஊருக்கு வேண்டாம்ங்கற அர்த்தத்துல பேசினார். இறைச்சியைச் சரியா குளிர்ல வைக்கலைன்னா கெட்டுப்போகும்னும் அதே பேச்சுல சொன்னார். அந்த ரெண்டாவது பாதிதான் விஷயமே. ஆனா ஜனங்க மனசுல நின்னது முதல் பாதி மட்டும்தான்.

அந்த முதல் பாதியையே எடுத்துக்குவோம். ஷவர்மா எந்தக் குளிர்ப் பிரதேசத்துல இருந்து வந்தது சாமி? துருக்கிக்காரங்களோட டோனர் கபாப்தான் இதுக்கு அண்ணன். ஷவர்மாங்கற பேரே துருக்கி மொழியில 'திருப்புறது'ங்கற சொல்லுல இருந்து வந்தது. அது வளர்ந்தது சிரியா, லெபனான் பக்கம். இன்னிக்கு தெருவுக்குத் தெரு சுத்துறது ரியாத்துலயும் துபாய்லயும் தோஹாவுலயும். அங்கெல்லாம் கோடையில வெயில் 45 டிகிரியைத் தாண்டும். நம்ம நாமக்கல்லும் கரூரும் அதுக்கு முன்னாடி பச்சப்புள்ளைங்க. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்ம ஆளுங்க கிட்டக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு ராத்திரிச் சாப்பாட்டை ஷவர்மாலதான் ஓட்டியிருப்பாங்க.

அதனால 'சீதோஷ்ணம் ஒத்துக்கல'ங்கற வாதம் முதல் பந்துலயே க்ளீன் போல்டு. அங்க மட்டும் பிரச்சினையே வராதான்னு கேட்டா, வரும். 2024 ஏப்ரல்ல ரியாத்துல மயோனைஸ் மூலமா பொட்டுலிசம் பரவி நிறைய பேர் பாதிக்கப்பட்டாங்க. அப்போ சவுதிக்காரங்க "இது நம்ம மண்ணு சாப்பாடு, ஒண்ணும் ஆகாது"ன்னு உக்காந்திருக்கல. எந்தப் பொருள்ல இருந்து வந்ததுன்னு தேடிப் பிடிச்சு, அந்த மயோனைஸை சந்தையில இருந்து திரும்ப எடுத்தாங்க. நான் கேக்குறதும் அந்த மாதிரித் தேடலைத்தான்.

பாக்டீரியாவுக்கு நாடு, மொழி, பண்பாடு ஒண்ணும் தெரியாது. அது பாக்குறது அஞ்சே விஷயம். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரம், எவ்வளவு புளிப்பு, காத்து உண்டா இல்லையா. இந்த அஞ்சும் சரியா அமைஞ்சா ஷவர்மாவுலயும் வளரும், சாம்பார்லயும் வளரும். அமையலைன்னா எதுலயும் வளராது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இந்த அஞ்சு விஷயத்தையும் நம்மளை விட நல்லாக் கையாண்ட ஜனங்க உலகத்துல ரொம்பக் கம்மி. அமெரிக்கா போன நம்ம மக்கள் டிசம்பர் மாசம் இட்லி மாவைக் கரைச்சு எங்க வைக்கிறாங்க? அவன்குள்ள லைட்டை மட்டும் போட்டுவிட்டு, அதுக்குள்ள. ஏன்? வீடு குளிர்ந்து கிடந்தா மாவு பொங்காது. மாவைப் பொங்க வைக்கிறது பெரும்பாலும் லூக்கனோஸ்டாக்னு ஒரு பாக்டீரியா. அதுக்குக் கொஞ்சம் கதகதப்பு வேணும். சென்னை மே மாசத்துல ஆறு மணி நேரத்துல பாத்திரத்தை விட்டு வழியுற மாவு, ஊட்டியில மறுநாள் காலையிலயும் தூங்கிக்கிட்டிருக்கும். மாவு ஒண்ணுதான், பாக்டீரியா ஒண்ணுதான், மாறினது சூடு மட்டும்தான்.

தயிரும் அப்படித்தான். பால் கொதிக்கக் கொதிக்க உறை ஊத்தினா உறை செத்துடும். சில்லுன்னு இருந்தா உறையாது. விரல் வச்சா பொறுக்குற சூடுன்னு அம்மா சொல்றது ஏறக்குறைய 40, 45 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாமலே அந்த விரலுக்கு அது தெரியும். கருவாடும் வத்தலும் அப்பளமும் ஏன் மாசக்கணக்குல கெடாம இருக்கு? பாக்டீரியா குடிக்கத் தண்ணி இல்ல. ஊறுகாய்? உப்பும் புளிப்பும். ரயில் பயணத்துக்கு சாம்பார் சாதம் கட்டாம புளியோதரை கட்டினதுக்கும் காரணம் அதான்.

இவ்வளவும் தெரிஞ்ச கூட்டம், கோழிக்கறின்னு வந்ததும் மட்டும் "எந்த நாட்டு அயிட்டம்?"னு பாஸ்போர்ட் கேக்குது. எங்க போய் முட்டிக்கிறது?

இப்போ கொஞ்சம் கணக்கு. (யாருப்பா அது, பின்னாடி இருந்து 'கணக்கு வாத்தியார் ஒழிக'ன்னு கத்துறது?) நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு ரெண்டின் அடுக்கு அத்துப்படிதானே. தோதான சூட்டுல ஈ கோலை மாதிரி பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டா பிரியும். ஒரு கோழித்துண்டுல மதியம் 12 மணிக்கு 1000 பாக்டீரியா இருக்குன்னு வச்சுக்குவோம். 2 மணிக்கு 64,000. இன்னும் ரெண்டே மணி நேரம், 4 மணிக்கு 40 லட்சத்து 96 ஆயிரம். அதே துண்டைக் குளிர்ச்சியா வச்சு, ஒருதரம் ரெண்டா பிரியவே 2 மணி நேரம் ஆகுதுன்னு வச்சுக்கோங்க. 4 மணிக்கு வெறும் 4,000. கடை ஒண்ணு, கோழி ஒண்ணு, சமையல்காரர் ஒருத்தர். ஆனா ஒண்ணு 40 லட்சம், இன்னொண்ணு 4 ஆயிரம்.

நிஜத்துல இப்படி ஸ்கேல் வச்ச மாதிரி வளராது. புது இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அப்புறம் ஓட்டம் பிடிக்கும், சாப்பாடு தீர்ந்ததும் நிக்கும். ஆனா சங்கதி என்னமோ அதேதான். "கொஞ்ச நேரம்தானே வெளிய இருந்துச்சு"ங்கற பேச்சுல முதல் ரெண்டு மணி நேரமும் அடுத்த ரெண்டு மணி நேரமும் ஒண்ணு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2001ல வெளியிட்ட 'பாதுகாப்பான உணவுக்கு அஞ்சு வழிகள்'ல சொன்னதும் இதான். குளிர்ச்சியா இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ, சூடா இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல, சமைக்கும்போது உள்பக்கம் 70 டிகிரியைத் தொடணும், சமைச்சதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது. 5க்கும் 60க்கும் நடுவுல இருக்கறதுதான் பாக்டீரியாவோட கல்யாண மண்டபம்.

இந்தக் கண்ணோட ஷவர்மா கம்பியைப் பாருங்க. கறியைக் கூம்பு மாதிரி அடுக்கி, பக்கத்துல அடுப்பு. வெளித்தோல் வேகும், அதைச் சீவி எடுப்பாங்க, அடுத்த அடுக்கு நெருப்பைப் பாக்கும். ஒழுங்கா நடந்தா நல்ல ஏற்பாடுதான். எப்போ சொதப்பும்? மூணு இடத்துல. கூட்டம் குறைஞ்சதும் கேஸ் மிச்சம் பிடிக்க அடுப்பைக் குறைப்பாங்க. அப்போ கூம்போட உள்பக்கம் வேகவும் வேகாம குளிர்ச்சியாவும் இல்லாம, அந்தக் கல்யாண மண்டபச் சூட்டுல உக்காந்திருக்கும். கூட்டம் அதிகமானா வேகறதுக்கு முன்னாடியே ஆழமாச் சீவிடுவாங்க. ராத்திரி மிச்சமான கூம்பை மறுநாள் திரும்ப ஏத்துவாங்க. இந்த மூணுமே ஷவர்மாங்கற பேரோட தப்பா, இல்ல கடை நடத்துற முறையோட தப்பா? நீங்களே சொல்லுங்க.

செருவத்தூர் விஷயத்துல பரிசோதனை முடிவு வந்தப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற ஒண்ணு. ஷவர்மாவுல சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்ததா கேரள அரசு சொல்லுச்சு. கூடவே மிளகுத்தூள்லயும் சால்மோனெல்லா. மிளகுத்தூள்! அந்நிய மோகம்னு கத்துறவங்க கவனிக்க, மிளகு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. காஞ்ச மிளகுத்தூள்ல பாக்டீரியா வளராது, தண்ணி இல்லையே. ஆனா சாகவும் சாகாது. மாசக்கணக்குல மூச்சை அடக்கிக் கிடக்கும். வெதுவெதுன்னு ஈரமா இருக்குற கறி மேல விழுந்தா எந்திரிச்சு உக்காந்துக்கும். ஷிகெல்லா கதை இன்னும் கேவலம். அது மனுஷன் குடல்ல இருந்து வர்றது. கக்கூஸ் போயிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவாத விரல், இல்லைன்னா கழிவு கலந்த தண்ணி, ரெண்டுல ஒரு வழியாத்தான் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு வரும். அது கேசரியைத் தொட்டா கேசரியிலயும் இருக்கும்.

"அப்போ நம்ம பாரம்பரியச் சாப்பாடும் ஆபத்துன்னு சொல்ல வர்றியா?"ன்னு இந்நேரம் சில பேர் வேட்டியை மடிச்சுக் கட்டியிருப்பீங்க. ஆமா, நிலைமை சரியில்லைன்னா ஆபத்துதான். கல்யாண வீட்டுல ஒரு அண்டா நிறைய மட்டன் குழம்பு வைக்கிறோம். ராத்திரி 10 மணிக்கு இறக்கி மூடி வச்சா காலையில 6 மணிக்கும் நடுவுல வெதுவெதுன்னு இருக்கும். சின்னப் பாத்திரம் சீக்கிரம் ஆறும், பெரிய அண்டா ஆறவே ஆறாது. இந்த நிலைமைக்குன்னே பொறந்த மாதிரி க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ்னு ஒண்ணு இருக்கு. கொதிக்க வச்சாலும் அதோட வித்து சாகாது. குழம்பு 43, 45 டிகிரிக்கு இறங்கினதும் முளைச்சு 10 நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டா பிரியும். மூடி போட்ட கெட்டிக் குழம்புக்குள்ள காத்து இல்லாதது அதுக்கு இன்னும் வசதி. அமெரிக்காவுல இதுக்காகவே விதி வச்சிருக்காங்க. சமைச்சதை 57 டிகிரியில இருந்து 21 டிகிரிக்கு ரெண்டு மணி நேரத்துல இறக்கணும், அடுத்த நாலு மணி நேரத்துல 5 டிகிரிக்குக் கொண்டு போகணும். அண்டாவைச் சின்னச் சின்னப் பாத்திரமாப் பிரிச்சு வச்சாலே பாதி வேலை முடிஞ்சது. அதுக்கு எந்த விஞ்ஞானியும் வர வேண்டாம்.

சோறும் அப்படித்தான். அரிசியில ஒட்டியிருக்குற பேசில்லஸ் சீரியஸ் வித்து சோறு வடிச்சாலும் பிழைச்சுக்கும். அந்தச் சோத்தை மதியத்துல இருந்து அப்படியே வெளிய வச்சு ராத்திரி ஃப்ரைடு ரைஸ் போட்டா? "அதான் நல்லா சூடு பண்ணிட்டோமே"ம்பாங்க. இந்த ஒரு வாக்கியம் அனுப்பி வச்ச அளவுக்கு ஆஸ்பத்திரிக்கு வேற எந்த வாக்கியமும் ஆள் அனுப்பியிருக்காது. சூடு பண்ணா பாக்டீரியா சாகலாம். ஆனா அது சாகுறதுக்கு முன்னாடி கக்கி வச்ச விஷம் சாகாது. பேசில்லஸ் சீரியஸோட வாந்தி விஷம் பிரஷர் குக்கர் சூட்டையே தாங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் விஷமும் சாதாரணக் கொதிக்கு அசையாது. திருடனை சுட்டுக் கொன்னுட்டா போன நகை திரும்பி வந்துடுமா?

ஃப்ரிட்ஜ் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ரிட்ஜ் பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். லிஸ்டீரியான்னு ஒண்ணு அந்தக் குளிர்லயும் மெதுவா வளரும். கடைக்காரர் மூச்சு முட்ட அடைச்சு வச்ச ஃப்ரிட்ஜ், நிமிஷத்துக்கு ஒருதரம் திறக்குற கதவு, மத்தியானம் ரெண்டு மணி நேர கரண்ட் கட்டு, எல்லாம் சேர்ந்தா உள்ள 5 டிகிரியா 15 டிகிரியான்னு யாருக்குத் தெரியும்? அளந்தாத்தானே தெரியும்!

பதிவோட மையமே இதான் மக்களே. யாரும் அளக்குறதில்ல. சம்பவம் நடந்தா ஒரு பதார்த்தத்தோட பேரைப் பிடிச்சு அடிக்கிறோம். நாமக்கல் சம்பவத்துக்கு அப்புறம் அந்த மாவட்டத்துல ஷவர்மா, கிரில் சிக்கன் விக்கத் தற்காலிகத் தடை போட்டாங்க. ஒரு வாரம் டிவியில ரெய்டு காட்டுவாங்க, கெட்டுப்போன கறியை பினாயில் ஊத்தி அழிப்பாங்க, நாமளும் 'சபாஷ்'னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். நம்ம ஆபீஸ்ல சர்வர் படுத்தா, "சர்வர்ங்கறதே அந்நியப் பொருள், நம்ம சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராது"ன்னு அறிக்கை எழுதிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, எதனாலன்னு லாக் எடுத்து வைக்காம மேனேஜர் விடுவாரா? ஒரு வெப்சைட்டுக்குக் கொடுக்குற அந்த மரியாதையை ரெண்டு பொண்ணுங்க உயிருக்குக் கொடுக்கக் கூடாதா?

தடையே கூடாதுன்னு சொல்ல வரல. பச்சை முட்டை மயோனைஸுக்கு கேரளா 2023 ஜனவரியிலயும், தெலங்கானா 2024 அக்டோபர்லயும், தமிழ்நாடு 2025 ஏப்ரல்லயும் தடை போட்டாங்க (பின்னது ரெண்டும் ஒரு வருஷத்துக்கு). அதுல ஒரு ஞாயம் இருக்கு. பச்சை முட்டையில சால்மோனெல்லா இருக்கலாம், மயோனைஸ்ல அதைக் கொல்ல வேகவைக்கிற கட்டமே கிடையாது, புளிப்பைக் குறைச்சுக் கலக்கினா தடுக்கவும் ஆள் இல்ல. அந்தத் தடை காரணத்தைப் பிடிச்சது, பதார்த்தத்தோட சாதியைப் பிடிக்கல. எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

சரி, என்ன பண்ணணும்ங்கற? சொல்றேன்.

1. உணவுக்குள்ள குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். கறி விக்கிற ஒவ்வொரு கடையிலயும் அது இருக்கணும். ஃப்ரிட்ஜுக்குள்ள ஒண்ணு. காலை, மதியம், ராத்திரி என்ன சூடுன்னு எழுதி வைக்கிற ஒரு நோட்டு. லைசென்ஸ் புதுப்பிக்கிறப்போ அந்த நோட்டைக் காட்டச் சொல்லணும்.

2. சீவின கறியைத் தட்டுல குவிச்சு வைக்காம, கல்லுல போட்டுத் திரும்பச் சூடாக்கித் தரணும். மிச்சமான கூம்பு மறுநாள் ஏறக் கூடாது.

3. சோதனைக்கு வர்ற அதிகாரி கறிக்குள்ள தெர்மாமீட்டரைக் குத்திப் பாக்கணும். மூக்கால மோந்து பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. நோய் தர்ற பாக்டீரியா லட்சக்கணக்குல இருந்தாலும் சாப்பாடு வாசமாவே இருக்கும்.

4. நாம. ஏசி இருக்கா, டைல்ஸ் பளபளன்னு இருக்கான்னு பாக்குறதை விட்டுட்டு, தட்டுக்கு வர்றது ஆவி பறக்குதான்னு பாருங்க. கண்ணு முன்னாடி கல்லுல வெந்து கைக்கு வர்ற ரோட்டுக்கடை தோசை, மூணு மணி நேரமா வெதுவெதுன்னு கிடக்குற நட்சத்திர ஓட்டல் பஃபே சிக்கனை விட எவ்வளவோ மேல்.

"எங்க தாத்தா இதெல்லாம் பாத்தாரா? 90 வயசு வரைக்கும் இருந்தாரே"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு இப்பவே பதில். உங்க தாத்தா கோழியைக் காலையில அறுத்து மதியம் சாப்பிட்டு முடிச்சார். நடுவுல ஃப்ரீசர் வண்டியும் இல்ல, ராத்திரி வரைக்கும் சுத்துற கம்பியும் இல்ல. அவருக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படல, ஏன்னா நேரமே கொடுக்கல. அதோட, 90 வரைக்கும் இருந்த தாத்தாதான் உங்க நினைவுல இருக்கார். அவர் கூடப் பொறந்து வாந்தி பேதியில சின்ன வயசுலயே போனவங்களைப் பத்தி யாரும் ஃபார்வர்டு அனுப்புறதில்ல.

அதனால அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வர்றப்போ, "இந்தக் கருமத்தை எதுக்குத் திங்கறாங்க"ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை மேல தப்பு இல்ல. அந்தக் கறி எத்தனை டிகிரியில, எத்தனை மணி நேரம் இருந்துச்சுன்னு கேளுங்க. கடைக்காரரைக் கேளுங்க, அதிகாரியைக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் கேளுங்க.

டிஸ்கி 1: ஷவர்மா கடைக்காரங்க யாரும் எனக்குப் பொட்டி கொடுக்கல. கொடுத்தா அதுல ஒரு தெர்மாமீட்டரை வச்சுத் திருப்பி அனுப்புவேன் :-)

டிஸ்கி 2: "அப்போ பழைய சோறு?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு, தண்ணி ஊத்திப் புளிக்க வச்ச பழைய சோறு வேற, மூடாம மறந்துட்டுப் போன சோறு வேற. ரெண்டையும் ஒண்ணாக்கி ஜல்லியடிக்கிறவங்களுக்குத் தனியா ஒரு பதிவு பாக்கி இருக்கு.